"கேஸ் தீந்துபோச்சே": திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளைகள் நம்மிடம் என்ன சொல்கிறார்கள்?

என் மகனுக்கு அப்போது நாலரை வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் காலியாகிவிட்டது. இரண்டாவது தோசை பாதி வெந்து கல்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, "ஐயோ, கேஸ் தீந்துபோச்சே" என்றேன். வீட்டில் இன்னொரு சிலிண்டர் இல்லை, அன்று அவனுக்கு தோசை கிடைக்கவில்லை, ஒரு மணிநேரம் அழுதான். அதோடு மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனால் கேட் பூட்டியிருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவன், "ஐயோ, கேஸ் தீந்துபோச்சே" என்றான். என் குரல், என் இழுவை, அந்த "போச்சே"யில் நான் கொடுத்த ஏற்றம்கூட அப்படியே இருந்தது.

அதுவரை அவன் சொல்வதையெல்லாம் நாங்கள் "சும்மா உளறுறான்" என்றுதான் நினைத்திருந்தோம். வீட்டில் மட்டுமா, போன இடத்திலெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். பூங்கா வாசலில்தான் எனக்கு முதல்முறையாக உறைத்தது: கிடைக்கும் என்று நம்பி வந்தது கிடைக்கவில்லை என்று இவன் எனக்குச் சொல்கிறான். அதற்கு அவனிடம் இருந்த ஒரே வாக்கியம் அது.

இப்படிக் கேட்டதை அப்படியே திரும்பச் சொல்வதற்கு எக்கோலேலியா என்று பெயர். கேட்ட உடனே சொல்வது ஒரு வகை: "பேர் என்ன?" என்றால் "பேர் என்ன?" என்று பதில் வரும். மணிக்கணக்கோ, மாதக்கணக்கோ, வருடக்கணக்கோ கழித்து வேறு எங்கோ சொல்வது இன்னொரு வகை. எங்கள் கேஸ் வாக்கியம் அந்த ரகம். எல்லாக் குழந்தைகளும் பேச்சு வரும் பருவத்தில் கொஞ்சம் திரும்பச் சொல்லத்தான் செய்யும், சுமார் மூன்று வயதுக்குள் அது குறைந்துவிடும். ஆட்டிசம் (பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறு மாதிரி அமையும் வளர்ச்சி நிலை) உள்ள என் மகனைப் போன்ற பிள்ளைகளிடம் அது அளவிலும் காலத்திலும் நீள்கிறது. பேசக்கூடிய ஆட்டிசப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரிடம் ஏதோ ஒரு கட்டத்தில் இது இருக்கும் என்ற கணக்கு இந்தத் துறையில் வெகுநாளாகப் புழங்குகிறது. 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5 இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில், கையை உதறுவது, பொருட்களை வரிசையாக அடுக்குவது ஆகியவற்றோடு சேர்த்து, "திரும்பத் திரும்பச் செய்பவை" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பேச்சு என்ற தலைப்பின் கீழ் வைக்கவில்லை. பல டாக்டர்கள் இதை நிறுத்தவேண்டிய ஒரு பழக்கமாகப் பார்ப்பதற்கு இந்த வகைப்பாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

(ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சில் எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் காதைச் சோதித்துவிடுங்கள். சத்தத்துக்கு மூளை தரும் பதிலை அளந்து காது கேட்கிறதா என்று பார்ப்பது, பெரா டெஸ்ட் என்று எல்லோரும் சொல்வார்களே, அதுதான். "பாட்டெல்லாம் பாடுறான், காது நல்லாத்தான் கேக்குது" என்று தள்ளிப்போட வேண்டாம்.)

ஆட்டிசம் என்ற பெயர் மருத்துவத்துக்குள் வந்தபோதே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் எட்டுப் பேருக்குப் பேச்சு உண்டு, மூன்று பேருக்கு இல்லை. முதலில் வரும் பையன் மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூரின் டொனால்ட் டிரிப்லெட்; கேனர் அவனை 1938இல் பார்த்தபோது ஐந்து வயது. 2023இல், 89ஆம் வயதில்தான் இறந்தார். டொனால்டுக்கு "ஆமாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுக்க அவன் அப்பா ஒரு வழி செய்தார்: "ஆமாம் சொன்னா தோள்ல தூக்கிக்குவேன்." பையன் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் வெகுகாலம் அவனுக்கு "ஆமாம்" என்றாலே "என்னைத் தோளில் தூக்கு" என்றுதான் அர்த்தம். அந்தச் சொல் எந்த நிகழ்ச்சியோடு வந்ததோ அந்த நிகழ்ச்சி முழுவதையும் சேர்த்தேதான் அது அவன் மனதில் பதிந்திருந்தது.

1943 கட்டுரையில் கேனர் இந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களுக்கு எதையும் தெரிவிப்பதற்கான பேச்சாக இல்லை என்ற முடிவில்தான் இருந்தார். மூன்று வருடத்தில் அவர் பார்வை கொஞ்சம் நகர்ந்தது. 1946இல் எழுதியதில் பால் என்ற ஐந்து வயதுப் பையன் வருகிறான். கிளினிக்கில் திடீரென்று "நாயை பால்கனியிலிருந்து தூக்கிப் போடாதே" என்கிறான். அங்கே நாயும் இல்லை, பால்கனியும் இல்லை. விசாரித்தால், மூன்று வருடத்துக்கு முன்னால் லண்டன் ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்தபோது பொம்மை நாயைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டிருக்கிறான், எடுத்து எடுத்து அலுத்துப்போன அம்மா எரிச்சலில் சொன்ன வாக்கியம் அது. அன்றிலிருந்து எதையாவது எறியத் தோன்றினால் அதைச் சொல்லித்தான் தன்னைத் தானே அடக்கிக்கொண்டான். அர்த்தமில்லாததாகத் தெரியும் பேச்சுக்கு, அது பிறந்த இடத்தைத் தேடிப் போனால் அர்த்தம் கிடைக்கும் என்று கேனர் எழுதினார். லண்டன் பால்கனியும் எங்கள் வீட்டு அடுப்படியும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

இவ்வளவு முன்னாடியே ஒருவர் கண்டு சொல்லியும் அது கிளினிக்குகளுக்குள் போகவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நடத்தைப் பயிற்சி முறைகள் வளர்ந்தபோது எக்கோலேலியா அகற்றவேண்டிய ஒன்றாகிவிட்டது. பதில் தெரியாத கேள்வியைத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் பழக்குவது எப்படி என்று 1978இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. அதில் அப்படி ஒன்றும் கொடுமை இல்லை, தெரியாது என்று சொல்லத் தெரிவது நல்லதுதான். ஆனால் அந்த மனப்பான்மை எப்படியெல்லாம் இறங்கி வந்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். நாங்கள் முதலில் போன ஸ்பீச் தெரபி சென்டரில், அவன் தன் வாக்கியத்தை ஆரம்பித்தாலே உதட்டில் விரல் வைத்து "நோ டாக்கிங்" என்பார்கள். அடங்கினால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். பேச்சு வரவேண்டும் என்று பணம் கட்டிச் சேர்த்த இடத்தில், பேசாமல் இருந்ததற்கு என் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஏழு மாதம் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தப் பார்வையை மாற்றியவர்களில் முக்கியமானவர் பேரி பிரிசன்ட் என்ற அமெரிக்க ஸ்பீச் தெரபிஸ்ட். 1981இல் அவரும் ஜூடித் டுகனும் சேர்ந்து நான்கு ஆட்டிசப் பிள்ளைகளை வீட்டிலும் பள்ளியிலும் வீடியோ எடுத்து, அவர்கள் உடனுக்குடன் திரும்பச் சொன்ன ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நடந்ததோடு வைத்துப் பார்த்தார்கள். சொல்லும்போது யாரைப் பார்த்தான், கை எங்கே போனது, குரல் ஏறியதா இறங்கியதா, சொன்ன பிறகு என்ன செய்தான் என்றெல்லாம் பார்த்தால் ஏழு விதமான பயன்பாடுகள் தெரிந்தன. பேச்சில் தன் முறை வந்தது தெரிந்து அதை நிரப்புவது, ஆமாம் என்று ஒப்புக்கொள்வது, கேட்பது, பதில் சொல்வதற்கு முன் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது, தன்னைத் தானே வழிநடத்துவது என்று. 1984இல் பேட்ரிக் ரைடெலோடு சேர்ந்து, காலம் கடந்து வரும் வாக்கியங்களை இதே மாதிரி ஆராய்ந்தபோது பதினான்கு பயன்பாடுகள் வந்தன. யாரையும் நோக்காமல், தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வதும் உண்டு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எல்லா வாக்கியத்துக்கும் ரகசிய அர்த்தம் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. என் மகன் தூங்கப் போகும்முன் சொல்லும் சோப்பு விளம்பரத்துக்கு எந்த அர்த்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. சொன்னால் அவனுக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான். அதை நிறுத்தவும் எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

எங்கள் இரண்டாவது தெரபிஸ்ட் ஓர் இளம்பெண், மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் அவர் பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. தரையில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஓட்டிய பொம்மை பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ்ஸை ஓட்டினார். அவன் "சத்திரம் சத்திரம், ஏறு ஏறு" என்றான், சத்திரம் எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்ட். அவரும் "சத்திரம் சத்திரம்" என்று கூடச் சொன்னார். அவன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். அந்த ஏழு மாதத்தில் ஒரு தெரபிஸ்ட்டின் முகத்தை அவன் தானாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. அப்புறம் என்னிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். கோடு போட்டு மூன்று பத்தி: அவன் என்ன சொன்னான், எப்போது சொன்னான், முதன்முதலில் அது எங்கே வந்தது. அவ்வளவுதான் முதல் மாதத்து வீட்டுப்பாடம்.

அந்த நோட்டு எங்கள் வீட்டில் அகராதி ஆனது. "சத்திரம் சத்திரம்" என்றால் வெளியே போகவேண்டும். டவுன்பஸ் கண்டக்டரின் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்றால் கூட்டம் தாங்கவில்லை, இங்கிருந்து கூட்டிப் போ. கல்யாண வீடுகளில் எவ்வளவு தடவை அதைச் சொல்லியிருப்பான், நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம். இன்னொன்று எழுதும்போது கை நடுங்கியது. "வலிக்காது கண்ணு, வலிக்காது" என்று அவன் சில ராத்திரிகளில் சொல்லிக்கொண்டே இருப்பான். தடுப்பூசி போடும் நர்ஸ்கள் எல்லாரும் சொல்வதுதானே அது! வலிக்காது என்ற சொல்லை அவன் எப்போதெல்லாம் கேட்டானோ அப்போதெல்லாம் வலித்திருக்கிறது. அவன் அகராதியில் "வலிக்காது" என்றால் வலிக்கிறது. நோட்டில் அந்த வரியைப் பார்த்ததும் மேடம் நிமிர்ந்து, "காது டாக்டர்ட்ட காட்டினீங்களா?" என்றார். நடுக்காதில் சீழ். எத்தனை ராத்திரி வலியோடு எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான், நாங்கள் "ஆமாண்டா ராசா, வலிக்காது" என்று தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த நோட்டை எல்லாப் பெற்றோரும் போடுங்கள். அதன் ஒரு நகல் பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் தாத்தா பாட்டியிடமும் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையிலேயே இருக்கட்டும்.

சரி, அர்த்தம் புரிந்துவிட்டது. அப்புறம்? அவன் வாழ்நாள் முழுக்க "கேஸ் தீந்துபோச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தால் எங்களுக்குப் புரியும், ஊருக்குப் புரியாதே. தெரபியின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இங்கே தமிழைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் தெரபிஸ்ட்டுகள் கையில் இருக்கும் பெரும்பாலான கையேடுகள் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை, நம் மொழி வேறு மாதிரி வேலை செய்கிறது.

"சாப்பிடுறியா?" என்று ஒரு சொல் கேட்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் செயல் இருக்கிறது, காலம் இருக்கிறது, "நீ" என்பதும் இருக்கிறது, கேள்வியும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளை அதை ஒரே கட்டியாக விழுங்குகிறது. பசிக்கும்போது அந்தக் கட்டியை அப்படியே வெளியே எடுக்கிறது: "சாப்பிடுறியா?" அவன் நம்மைக் கேட்பதாகத் தோன்றும், உண்மையில் அவன் தனக்குப் பசிக்கிறது என்கிறான். நான், நீ மாறிப்போவதைக் கேனரே எழுதியிருக்கிறார், இது எல்லா மொழியிலும் உண்டு. ஆனால் தமிழ்வீட்டில் பிள்ளை "நான்" என்ற சொல்லைக் கேட்பதே குறைவு. "அம்மா தரேன்", "அப்பா வரேன்", "தம்பி தூங்குறியா" என்றுதானே பேசுகிறோம். ஆள் யார் என்பது வினைச்சொல்லின் வாலில் "ஏன்" என்றும் "ஏ" என்றும் "ஆங்க" என்றும் ஒளிந்திருக்கிறது. என் மகன் எனக்கு பிஸ்கட் நீட்டும்போது "அம்மா தரேன்" என்றான் பல நாள். கொடுப்பவர் சொல்வது அது என்று அவன் புரிந்துகொண்டது சரிதான்.

இதைத் திருத்தப் போனால் சிக்கல்தான். "அப்படிச் சொல்லக்கூடாது, தம்பி தரேன்னு சொல்லு" என்றால், "தம்பி தரேன்னு சொல்லு" என்று முழுவதும் திரும்ப வரும். ஆங்கிலக் கையேடுகள் சொல்லும் தீர்வு, கேள்வியைக் குறைத்துவிட்டு, பிள்ளையின் வாயிலிருந்து வந்தாலும் பொருந்தும் மாதிரி வாக்கியங்களை நாமே சொல்லிக்காட்டுவது. தமிழில் அதற்கு அருமையான வசதி இருக்கிறது, "லாம்" விகுதி. போலாம், சாப்பிடலாம், குளிக்கலாம், விளக்கை அணைக்கலாம். அம்மா சொன்னாலும் பிள்ளை சொன்னாலும் ஓர் எழுத்துகூட மாற வேண்டாம். "செருப்பு போடுறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் "செருப்பு போடலாம்" என்று மாறினோம். இரண்டு வாரத்தில் அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து "செருப்பு போடலாம்" என்றான், அது சரியான தமிழ், யாரும் திருத்த வேண்டியதில்லை. வேணும், வேணாம், பிடிக்கும், வலிக்குது, பசிக்குது எல்லாமே இதே மாதிரி வசதியானவை. எனக்கு, உனக்கு என்பதை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும், வினையின் வாலில் ஆள் தொங்காது. "பசிக்குது" என்று அம்மா தன் வயிற்றைத் தொட்டுச் சொன்னால் அம்மாவின் பசி, பிள்ளை சொன்னால் பிள்ளையின் பசி.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரு தனிச் சொல் பதிலாக வேண்டும். நாம் அப்படியா பேசுகிறோம்? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "வேணுமா?" "வேணும்." "மழை பெய்யுதா?" "பெய்யுது." கேட்டவர் சொன்ன வினையையே திரும்பச் சொல்லி வாலை மட்டும் மாற்றுவதுதான் தமிழில் பதில். நாம் எல்லாரும் நாள் முழுக்கத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். "வேணுமா?" என்று திரும்பச் சொல்லும் பிள்ளைக்கும் "வேணும்" என்று பதில் சொல்லும் பிள்ளைக்கும் இடையில் இருப்பது கடைசியில் ஒட்டிய ஒரே ஓர் "ஆ". மேடம் அந்த ஆவை எடுக்க எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்பதையே விட்டார். அவன் கண் தண்ணீர் பாட்டிலுக்குப் போனதும் "தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவனைச் சொல்லச் சொல்லிக் காத்திருக்கவும் இல்லை. நாலைந்து வாரம் இப்படிப் போன பிறகு ஒருநாள் அவன், "தண்ணி வேணும்" என்றான். குரல் கடைசியில் கீழே இறங்கியது. நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எதுவும் பேசவில்லை, பேசினால் அதையும் கற்றுக்கொண்டுவிடுவானே.

இந்த வழிமுறைக்கு இப்போது இணையத்தில் பெரிய பெயர் இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழக மொழியியலாளர் ஆன் பீட்டர்ஸ் 1977இல், ஆட்டிசம் இல்லாத மின் என்ற சிறு பையனைக் கவனித்து, சில பிள்ளைகள் சொல் சொல்லாகக் கற்காமல் முழு வாக்கியத்தின் ராகத்தை முதலில் பிடித்து, பிறகு அதை உடைத்துச் சொற்களை எடுக்கிறார்கள் என்று எழுதினார். கெஸ்டால்ட் (முழு வடிவம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்) முறை என்று அதற்குப் பெயர் வந்தது. பிரிசன்ட் அதை எக்கோலேலியாவோடு இணைத்தார். பிறகு மார்ஜ் பிளாங்க் என்ற தெரபிஸ்ட் 2012இல் எழுதிய புத்தகத்தில் இதைப் படிப்படியான கட்டங்களாக ஆக்கினார்: முதலில் முழுக் கட்டி, பிறகு கட்டிகளை உடைத்து ஒன்றோடு ஒன்று ஒட்டுவது, பிறகு தனிச் சொற்கள், பிறகு சொந்த வாக்கியம். கேட்க மிகவும் அழகாக இருக்கும். என் மகனிடம் இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டங்களை அப்படியே பின்பற்றும் தெரபியைச் சோதித்துப் பார்த்த முறையான ஆய்வுகள் இல்லை. 2024இலிருந்து வந்த விமர்சனக் கட்டுரைகள், தேடிப் பார்த்தும் தரமான ஆதாரம் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. பிள்ளைகளைக் கெஸ்டால்ட் என்றும் மற்றது என்றும் இரண்டாகப் பிரிப்பதும், "இந்தக் கட்டத்தில் தனிச் சொல் சொல்லிக்கொடுக்கவே கூடாது" என்று தடை போடுவதும் ஆதாரம் இல்லாதவை. ஆன்லைன் கோர்ஸ் விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். திரும்பச் சொல்வதில் அர்த்தம் இருக்கும், அதைக் கேட்டுப் பதில் கொடு என்பது நாற்பது வருடமாகப் பலர் கவனித்து எழுதியது, அதை நம்பலாம். கட்ட அட்டவணையை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆதாரம் உள்ளது எது என்றால், அம்மா அப்பாவுக்குப் பழக்குவது. பேக்ட் என்ற பிரிட்டிஷ் முறையில் பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்: இங்கே பிள்ளை ஏதோ சொன்னான், நீங்கள் கவனிக்கவில்லை, இங்கே காத்திருந்தீர்கள், உடனே அவன் திரும்பினான் பாருங்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தங்கியிருந்ததாக 2016இல் முடிவு வந்தது. நமக்கு இன்னும் முக்கியமான செய்தி, இதையே நம் சூழலுக்கு மாற்றி கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். வீடு வீடாகப் போய்ச் செய்தவர்கள் ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள்கூட இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுப்பதும், பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. பட்டம் பெற்ற தெரபிஸ்ட்டுகள் பெரிய ஊர்களிலேயே குவிந்திருக்கும் நம் நாட்டில் இதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நானும் போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். பத்து நிமிட விளையாட்டில் நான் கேட்ட கேள்விகள் 43. இது என்ன, இது என்ன கலர், மாடு எப்படிக் கத்தும், அம்மாவுக்குத் தா, யாரு இது. அவன் நடுவில் ஒரு தடவை காரைக் காட்டி ஏதோ மெல்லச் சொல்கிறான், அந்த நேரத்தில் என் குரல் "இது என்ன நம்பர்?" என்று அதன்மேல் ஏறி மிதிக்கிறது. அடுத்த வாரம் கேள்வி 12. அவன் பேசியது முதல் வீடியோவைவிட மூன்று மடங்கு.

தெரபிஸ்ட்டைத் தேடுபவர்களுக்கு நான் பட்டதிலிருந்து சில விஷயங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அறைக்குள் உங்களை உட்காரவிடாத இடத்தில் காரணம் கேளுங்கள். பிள்ளை சொல்லும் வாக்கியங்களைப் பற்றி உங்களிடம் விசாரிக்கிறாரா என்று பாருங்கள், அது ஒன்றே எனக்குப் பெரிய அடையாளம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சு குறைவாக உள்ள பிள்ளைக்குப் படம் தொட்டுப் பேசும் செயலிகள் உதவும், சென்னையில் உருவான ஆவாஸில் தமிழும் உண்டு. "அதைக் கொடுத்தா வாய் திறந்து பேசவே மாட்டான்" என்பார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, பேச்சு குறைவதில்லை, சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்கிறது.

"வீட்டில் தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்" என்ற அறிவுரை உங்களுக்கும் வந்திருக்கும். எங்களுக்கும் வந்தது, என் அம்மா நாலு மாதம் பேரனிடம் பேசவே பயந்துகொண்டு இருந்தார். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள் அதனால் பின்தங்குவதாக இதுவரை பார்த்த ஆய்வுகளில் தெரியவில்லை. யூடியூபில் கேட்ட இங்கிலீஷ் வாக்கியங்களைப் பிள்ளை அச்சு அசலாகச் சொல்வதை வைத்து "இவனுக்கு இங்கிலீஷ்தான் வருது" என்று முடிவு கட்டிவிடுவதும் நடக்கிறது. வீடியோ ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொல்கிறது, மனுஷர்கள் அப்படிச் சொல்வதில்லை, அதனால் அது சுலபமாகப் பதிகிறது. பாட்டிக்குத் தெரிந்த மொழியைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டால், அந்தப் பிள்ளையோடு நாள் முழுக்கப் பேச ஆள் யார்?

மகனுக்கு இப்போது எட்டு வயது. திரும்பச் சொல்வது நிற்கவில்லை, ஆனால் கட்டிகள் உடைகின்றன. முதலில் "ஐயோ" போனது. பிறகு ஒருநாள் டிவி ரிமோட்டை நீட்டி "பேட்டரி தீந்துபோச்சு" என்றான். அப்புறம் மாவு தீந்துபோச்சு, ஸ்கூல் தீந்துபோச்சு. போன மாதம் என் அம்மா பத்து நாள் எங்களோடு இருந்துவிட்டு துறையூருக்குக் கிளம்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நகர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி தீந்துபோச்சு" என்றான். "பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க. திரும்ப வருவாங்க" என்றேன். எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து போனில் வழக்கம்போல அம்மா "சாப்டியா ராசா, என்ன சாப்ட?" என்று கேட்டுக்கொண்டே போக, இவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் "பாட்டி, வரலாம்" என்றான்.

யாரும் அதைத் திருத்தவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா, "வரேன்டா ராசா, வெள்ளிக்கிழமை வரேன்" என்றார்.